மானுக்கு வைத்த சுருக்கு

கொரில்லா பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது ஒருவர் தவறாமல் சொல்லிவிடுவார்: "மனுசன் போய்த் தொல்லை கொடுக்காம இருந்தாலே போதும், அதுபாட்டுக்கு நல்லா இருக்கும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நானும் நெடுநாள் தலையாட்டியிருக்கிறேன். ஆனால் மத்திய ஆப்பிரிக்காவின் விருங்கா மலைகளில் நாற்பது ஆண்டுகளாக நடந்ததைப் பார்த்தால் இந்த வாதத்துக்குக் கால் ஊன்ற இடமில்லை. அங்கிருந்து மேற்கே காங்கோ படுகைக் காடுகளுக்குப் போனால் அதே வாதம் மறுபடி எழுந்து நிற்கிறது. இந்த இழுபறியைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2012 ஜூலையில் விருங்காவின் ருவாண்டாப் பக்கமான வோல்கனோஸ் தேசியப் பூங்காவில் நடந்த ஒரு சம்பவம் உலகம் முழுக்கச் செய்தியானது. குரியாமா என்ற கொரில்லாக் கூட்டத்துக்கு அருகே, கொரில்லாக்களை ஆராயும் கரிசோகே ஆய்வு மையத்துக்காகத் தடம் பார்க்கும் ஊழியர் ஒருவர் கண்ணி ஒன்றைக் கண்டு அதை அவிழ்க்கப் போனார். வூபு என்ற வெள்ளிமுதுகு (முதுகு முடி வெளுத்த, வளர்ந்த) ஆண் கொரில்லா உறுமி அவரைத் தள்ளி நிற்க வைத்தது. அதற்குள் நான்கு வயதுக் குட்டிகள் இரண்டு ஓடி வந்தன. ர்வெமா என்ற ஆண்குட்டி வளைந்து நின்ற கிளைமேல் தாவி அதை ஒடித்தது. டுகோரே என்ற பெண்குட்டி சுருக்கை அவிழ்த்துப் போட்டது. பிறகு இரண்டும் சற்றுத் தள்ளி இன்னொரு கண்ணியைக் கண்டன. அந்த ஊழியரின் பழகிய கண்ணுக்கே தப்பியது அது. டெடெரோ என்ற இளம் கொரில்லாவும் சேர்ந்துகொள்ள, அதுவும் சில நொடிகளில் காலி. அந்த வேகத்தைப் பார்த்தால் இது முதல் தடவையாக இருக்காது என்று ஆய்வு மையத்தார் சொன்னார்கள்.

செய்தி இனிப்பாகப் பரவியது. அதற்குச் சில நாள் முன்பு இங்வினோ என்ற குட்டி சுருக்கில் சிக்கிச் செத்த விவரம் பல இடங்களில் கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. இழுத்துப் பறித்துத் தப்பிக்கப் பார்த்ததில் அதன் தோள் மூட்டு நழுவியிருந்தது. கயிறு காலைக் கவ்விய இடத்தில் சதை அழுகிவிட்டது. கண்டுபிடித்தபோது நேரம் கடந்துவிட்டது.

எனக்கு உறுத்தியது இந்தச் செய்தியின் ஓரத்தில் இருந்த வேறொன்று. மற்றக் கொரில்லாக்களுக்கும் கண்ணி அவிழ்க்கப் பழக்கிவிடலாமே என்று கேட்டதற்கு, முடியாது, அவற்றின் இயல்பில் நாங்கள் குறுக்கிட மாட்டோம் என்று மையத்தார் பதில் சொன்னார்கள். நல்ல கொள்கைதான். ஆனால் அதே மலையில் சுருக்கு மாட்டிய கொரில்லாவை மயக்க ஊசியால் சாய்த்துக் கம்பியை வெட்டி எடுக்க ஒரு மருத்துவர் குழு எந்நேரமும் தயாராக இருக்கிறது. சொல்லிக் கொடுப்பது குறுக்கீடு, சுட்டுச் சாய்ப்பது குறுக்கீடு இல்லையா?

ஒரு கண்ணியின் உடற்கூறு

அந்தக் கண்ணியைக் கொரில்லாவுக்கென்று யாரும் வைப்பதில்லை. குறி, டைக்கர் என்ற சிறிய மறிமானும் புதர்மானும்தான். வேண்டிய பொருள் மூன்றே. வேர் பிடித்து நிற்கும் மூங்கில் அல்லது இளமரம் ஒன்று, கயிறோ கம்பியோ இரண்டு மூன்று முழம், ஒரு குச்சிக் கொக்கி. மூங்கிலின் நுனியில் கயிற்றைக் கட்டி வில்லாகத் தரைக்கு இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையில் சுருக்கு. அதை மான் நடக்கும் ஒற்றையடித் தடத்தில் விரித்து, கொக்கியால் தரையோடு இறுக்கி, இலைச்சருகு தூவி மறைத்தால் முடிந்தது. கால் பட்டுக் கொக்கி நழுவிய நொடியில் மூங்கில் மேலே துள்ளும், சுருக்கு இறுகும். பத்து கிலோவுக்கு மேல் தேறும் மான் அந்தரத்தில் தொங்கும். பழகிய கைக்கு ஒரு கண்ணி வைக்கச் சில நிமிடம் போதும். ஒருவரே ஒரு காலையில் பல கண்ணிகள் வைத்துவிட்டுப் போகலாம். நீலகிரிப் பக்கத்துச் செய்திகளில் 'சுருக்குக் கம்பியில் சிக்கிய சிறுத்தை' என்று வருகிறதே, அதுவும் இந்த வகையறாதான். அங்கே குறி காட்டுப்பன்றி, சிக்குவது வேறு.

கொரில்லா கைமுட்டியை ஊன்றி நடக்கும் விலங்கு. மான் தடத்திலேயே நடக்கும். அதனால் சுருக்கு பெரும்பாலும் மணிக்கட்டையோ கணுக்காலையோ பிடிக்கும். வளர்ந்த கொரில்லாவுக்கு மூங்கிலைப் பிடுங்கிக்கொண்டு போக ஒரு இழுப்பு போதும். ஆபத்து அந்த இழுப்பில்தான். மூங்கில் போய்விடும், சுருக்கு கையோடு வந்துவிடும், இழுத்த பலத்திலேயே இன்னும் இறுகியும் இருக்கும். நார்க்கயிறு என்றால் நனைந்து, நைந்து, கடித்துக் கடித்து ஒருநாள் விழுந்துவிட வாய்ப்பு உண்டு. நைலான் அப்படி விழாது. கம்பி தோலுக்குள் இறங்கிவிடும். ரத்த ஓட்டம் நின்று கை வீங்கும், விரல் கறுக்கும், சதை அழுகும். தப்பிப் பிழைத்தவை விரலோ கையோ இல்லாமல் வாழ்நாள் முழுக்க நொண்டிக்கொண்டு அலையும். மூன்று நான்கு வயதுக் குட்டிக்கு மூங்கிலைப் பிடுங்கவே பலம் போதாது. தாயும் மற்றவையும் பிடித்து இழுக்க இழுக்கச் சுருக்கு இறுகுமே தவிரத் தளராது.

இதன் கணக்கு புரிய கொரில்லாவின் பிள்ளைப்பேற்றைப் பார்க்க வேண்டும். மலைக் கொரில்லாப் பெண் முதல் குட்டி போடுவது பத்து வயது வாக்கில். எட்டரை மாதச் சுமப்பு, அடுத்த குட்டிக்கு ஏறக்குறைய நான்கு ஆண்டு இடைவெளி. பிறப்பவற்றில் கால்வாசி சிசுப் பருவத்தைத் தாண்டுவதில்லை. ஆயுள் முழுக்க நாலைந்து தேறினாலே அதிகம். வெள்ளிமுதுகு ஆண் செத்தால் கணக்கு இன்னும் கெடும். கூட்டம் சிதறி, பெண்கள் வேறு ஆணிடம் போய்ச் சேரும்போது பால்குடிக் குட்டிகளை அந்தப் புது ஆண் கொன்றுவிடுவதுண்டு. ஒரு கம்பி எடுக்கும் உயிர் ஒன்றோடு நிற்பதில்லை.

கூட்டைத் தேடி எண்ணுவது

விருங்காவில் 2015-16இல் கணக்கெடுத்தபோது 604 மலைக் கொரில்லாக்கள் இருந்தன. 1981இல் அங்கே 254தான். பக்கத்தில் உகாண்டாவின் பிவிண்டிக் காட்டையும் அதை ஒட்டிய சரம்ப்வே காப்பகத்தையும் சேர்த்து 2018இல் 459. ஆக மொத்தம் 1063. மனிதனுக்கு நெருங்கிய உறவான பெருங்குரங்குகளில் காட்டில் எண்ணிக்கை ஏறிய ஒரே வகை இதுதான். எண்ணும் முறை பொறுமையைச் சோதிப்பது. கொரில்லா ஒவ்வொரு இரவும் புதிதாகக் கூடு கட்டிப் படுக்கும், எழும்போது பெரும்பாலும் அதிலேயே சாணம் போட்டுவிட்டுப் போகும். குழுக்கள் காட்டை வரிசையாகச் சல்லடை போட்டு அலசி, புதுத் தடம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு போய், தொடர்ந்து மூன்று இரவுகளின் கூடுகளைக் கண்டுபிடிக்கும். சாண உருண்டையின் அகலம் 7.2 சென்டிமீட்டருக்கு மேல், கூட்டில் வெள்ளி முடி என்றால் வெள்ளிமுதுகு ஆண். பெரிய சாணத்தின் பக்கத்தில் சிறியது கிடந்தால் தாயும் குட்டியும். மாதிரியை எடுத்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால்தான் ஒன்றையே இரண்டு முறை எண்ணவில்லை என்பது உறுதியாகும்.

அந்த விருங்கா கணக்கெடுப்பில் கொரில்லாவை எண்ணப் போனவர்கள் 380க்கு மேற்பட்ட கண்ணிகளையும் அகற்றினார்கள். ஒன்றில் செத்த கொரில்லா கிடந்தது.

எண்ணிக்கை ஏறியதற்குக் 'காட்டைக் காட்டிடமே விட்டது' காரணம் என்றால் எனக்கு இந்தப் பதிவே தேவைப்பட்டிருக்காது. 1967 முதல் 2008 வரையிலான விருங்கா விவரங்களை ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தார்கள். மனிதர் நடமாட்டத்துக்குப் பழக்கப்பட்டு, தினமும் ஆள் போய்ப் பார்க்கும் கூட்டங்கள் ஆண்டுக்கு 4.1 விழுக்காடு வளர்ந்திருந்தன. யாரும் நெருங்காத, பழக்கப்படாத கூட்டங்கள் ஆண்டுக்கு 0.7 விழுக்காடு தேய்ந்திருந்தன. ஒரே மலை, ஒரே மூங்கில், ஒரே மழை. தொல்லை கொடுக்காமல் விட்டவைதான் குறைந்தன.

காரணம் எளியது. தினமும் போகிற ஆள் முந்தைய இரவின் கூட்டிலிருந்து தடம் பிடிப்பார். போகிற வழியில் கண்ணிகளை அறுப்பார். தலை எண்ணுவார், மூக்கின் சுருக்கங்களை வைத்து ஒவ்வொன்றையும் அடையாளம் காண்பார், யார் நொண்டுகிறது, யார் சாப்பிடவில்லை என்று பார்ப்பார். கையில் கயிறு தெரிந்தால் அன்றே மருத்துவருக்குத் தகவல் போகும். ஆள் போகாத கூட்டத்தில் இதே காயம் சாவில் முடியலாம்.

மருத்துவர் வந்ததும் ஊசி போட்டுவிடுவதில்லை. நார்க்கயிறாக, தளர்வாக இருந்து கை வீங்காமல் இருந்தால் ஓரிரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். கம்பி என்றால் காத்திருக்கக் கூடாது. பிறகு இடம். மரத்தில் இருக்கும்போது சுடக் கூடாது, விழும். சரிவின் விளிம்பிலும் கூடாது, உருளும். வெள்ளிமுதுகின் கண்முன் சுட்டால் அது பாய்ந்து வரும். தொடைச் சதையிலோ தோள் சதையிலோ ஊசி இறங்க வேண்டும். கெட்டமினும் மெடெடோமிடினும் கலந்த மருந்து, சில நிமிடங்களில் சாயும். தடம் பார்ப்பவர்கள் வரிசையாக நின்று குரல் கொடுத்தபடி கூட்டத்தைத் தள்ளி நிறுத்துவார்கள். அந்த வேலைக்குத் துப்பாக்கி உதவாது, நெஞ்சுரம் வேண்டும். கம்பியை வெட்டி, அழுகிய சதையைக் கழுவி, பல நாள் நின்று வேலை செய்யும் நுண்ணுயிர்க்கொல்லி போட்டு, மூச்சையும் நாடியையும் பார்த்துக்கொண்டே ரத்த மாதிரியும் எடுத்துக்கொண்டு, கடைசியில் அட்டிபமெசோல் ஊசி. மெடெடோமிடின் மயக்கத்தை அது முறிக்கும். கெடுவதற்கு வழிகள் நிறைய. ஊசி எலும்பில் பட்டு மருந்து பாதி இறங்கினால் அரை மயக்கத்தில் புதருக்குள் ஓடி முகம் குப்புற விழும். குட்டிக்குக் கம்பி என்றால் தாயையும் சாய்க்க வேண்டும். வெள்ளிமுதுகு நகராமல் உட்கார்ந்துவிட்டால் அன்றைய வேலை ரத்து, மறுநாள் மறுபடி மலையேற்றம்.

1986இல் தொடங்கிய இந்த மருத்துவ ஏற்பாட்டுக்கு ஒரு விதி உண்டு. மனிதன் ஏற்படுத்திய காயத்துக்கும் உயிர் போகும் நிலைக்கும் மட்டுமே கைவைப்பது. இரண்டு ஆண்கள் சண்டையிட்டுக் கிழித்துக்கொண்ட சாதாரணக் காயம் அவற்றின் பாடு. இதைப் படித்தபோதுதான் என் கேள்விக்குப் பாதி விடை கிடைத்தது. குட்டிக்குக் கண்ணி அவிழ்க்கக் கற்றுக்கொடுத்தால் மனிதனுடைய வேலையைக் குட்டியின் தலையில் கட்டுவதாகிவிடும். கண்ணி வைத்தது மனிதன். அதை எடுப்பதும் அவன் பாடு. ஒழுங்கான கோடு. இருமல் வந்தபோது அந்தக் கோடு அழிந்துவிட்டது.

இருமல்

கண்ணி கண்ணுக்குத் தெரியும். சளி தெரியாது. 2009இல் ருவாண்டாவின் ஹிர்வா கூட்டத்தில் இருந்த 12 கொரில்லாக்களில் 11க்குச் சளிக்காய்ச்சல் வந்து ஒரு வளர்ந்த பெண்ணும் ஒரு பிறந்த குட்டியும் செத்தன. சோதனையில் தெரிந்தது மனித மெட்டாநிமோ வைரஸ். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு வந்து ஒரு வாரத்தில் போய்விடும் சாதாரணக் கிருமி. அதன்பின் காட்டில் எந்தக் கொரில்லா இருமினாலும் அது 'இயற்கை' என்று கைகட்டி நிற்க முடிவதில்லை.

விதிகள் இருக்கின்றன. ஒரு கூட்டத்துக்கு நாளுக்கு எட்டுப் பயணிகள், ஒரு மணி நேரம். 7 மீட்டராக இருந்த இடைவெளி கொரோனாவுக்குப் பின் 10 மீட்டர் ஆனது, முகக்கவசமும் சேர்ந்தது. ருவாண்டாவில் அந்த ஒரு மணி நேரத்துக்கு 2017 முதல் 1500 டாலர். ஆனால் பிவிண்டியில் பயணிகளைப் பின்தொடர்ந்து அளந்து 2020இல் வெளியான ஆய்வில் 98 விழுக்காடு சந்திப்புகளில் 7 மீட்டர் விதி மீறப்பட்டிருந்தது. கொரில்லாவே நெருங்கி வருவதும் உண்டு. அத்தனை பணம் கொடுத்து வந்தவருக்குப் படத்தில் காடு மட்டும் விழுந்தால் மனசு ஆறுவதில்லை என்பதும் உண்டு. வழிகாட்டிக்கும் அவர் தரப்போகும் அன்பளிப்பு நினைவில் இருக்கும். அதே 1500 டாலரில்தான் தடம் பார்ப்பவரின் சம்பளமும் இருக்கிறது. பயணிகளை நிறுத்தச் சொல்பவர்கள் அதற்கும் ஒரு வழி சொல்ல வேண்டும்.

எனக்குப் பிடித்த விடை இதைவிடப் பழையது, சிறியது. 1996இல் பிவிண்டியில் ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு முடி கொட்டித் தோலில் சொறி பிடித்தது. ஒரு குட்டி செத்தது. மற்றவை ஐவர்மெக்டின் ஊசியில் தேறின. மேய வந்த இடத்தில் சோளக்கொல்லைப் பொம்மைக்கு மாட்டியிருந்த அழுக்குத் துணிதான் வழி என்று சந்தேகம் எழுந்தது. சுற்றுப்புற ஊர்க்காரர்களிடமும் சொறி இருந்தது. அங்கே மருத்துவராக இருந்த கிளாடிஸ் கலெமா-சிகுசோகா பிறகு 2003இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, மலையடிவாரக் கிராமங்களின் காசநோய், சொறி, கழிப்பறை, குடும்பநலம் என்று வேலையைத் திருப்பினார். கொரில்லாவைக் காக்க ஊர்க்காரருக்குச் சொறி மருந்து. கேட்டால் சுற்றி வளைப்பதுபோல் இருக்கும், ஆனால் கிருமி வந்த வழியைத்தான் அவர் அடைத்தார்.

ஆள் போகாத காடுகள்

இங்கேதான் மறுபக்கம் ஆரம்பிக்கிறது. ஆயிரம் கொரில்லாவுக்குத் தினமும் ஆள் அனுப்பலாம். மேற்குத் தாழ்நிலக் கொரில்லாவுக்கு முடியாது. காங்கோ குடியரசு, காபோன், கேமரூன் எனப் பரந்த காடுகளில் 2013 மதிப்பீட்டின்படி அவை 3,61,900. பெரிய எண் என்று நிம்மதி அடைய வேண்டாம். ஆண்டுக்கு 2.7 விழுக்காடு தேய்வதாக அதே ஆய்வு சொல்கிறது. பெருக்கிப் பார்த்தால் ஒரே ஆண்டில் ஒன்பதாயிரத்துக்கு மேல். உலகின் மலைக் கொரில்லாக்கள் அத்தனையையும்போல ஒன்பது மடங்கு. இந்தத் தாழ்நிலக் கொரில்லாக்களில் ஐந்தில் நான்கு, காப்புக்காடுகளுக்கு வெளியே, பெரும்பாலும் மரம் வெட்டும் குத்தகைக் காடுகளில் வாழ்கின்றன.

அங்கே கொல்வது கோடரி என்று நினைப்பது பாதிதான் சரி. தேர்ந்தெடுத்து மரம் வெட்டிய காட்டில் கீழே வெயில் விழுந்து இளந்தண்டுகள் தழைக்கும், கொரில்லாவுக்கு அது தீனி. கொல்வது சாலை. லாரி போகும் மண்சாலை வந்ததும் துப்பாக்கியும் உள்ளே வரும், கறி வெளியே போகும். ஒரு தோட்டாவுக்கு இத்தனை கறி வேறெந்தக் குரங்கிலும் கிடைக்காது. செய்யக்கூடியவை அலுப்பூட்டும் வேலைகள். வெட்டி முடித்த சாலையில் பாலத்தைக் கழற்றிவிடுவது, குறுக்கே பள்ளம் தோண்டுவது, லாரிகளைச் சோதிப்பது, முகாம் தொழிலாளிக்கு மாட்டிறைச்சியும் மீனும் கட்டுப்படியாகும் விலையில் கிடைக்கச் செய்வது. இதில் கடைசியை விட்டுவிட்டால் முந்தைய மூன்றும் வீண். பசித்தவன் பள்ளத்தைத் தாண்டிப் போவான்.

எபோலா என்ற கொள்ளைநோய்க்கு இவை எதுவும் தடை இல்லை. 2002-03இல் காங்கோ குடியரசின் லோசி காப்பகப் பகுதியில் ஏறக்குறைய ஐயாயிரம் கொரில்லாக்கள் அதில் மடிந்ததாகக் கணக்கு. அதே நாட்டின் ஒட்சாலா தேசியப் பூங்காவில் லொகூயே என்ற திறந்தவெளிக்கு வந்து போன கொரில்லாக்களில் 95 விழுக்காடு மறைந்துபோயின. கிழக்கே காங்கோ ஜனநாயகக் குடியரசில் கிராவர் என்ற கிழக்குத் தாழ்நிலக் கொரில்லாவுக்குப் பகை, கைபேசி உறுப்புகளுக்கான கோல்ட்டான் தாதுச் சுரங்கம். தாது அள்ளக் காட்டுக்குள் இறங்கியவர்களுக்குச் சந்தை தூரம், கொரில்லா பக்கம், கூடவே ஆயுதக் குழுக்கள். 1990களின் நடுவில் 16,900 என்று இருந்த மதிப்பீடு 2016இல் 3,800க்கு விழுந்தது. 2021இல் 6,800 என்று திருத்தினார்கள். குட்டி பிறந்து கூடியதாக யாரும் மகிழ வேண்டாம், முன்பு சண்டையால் போக முடியாத இடங்களிலும் எண்ணினார்கள், அவ்வளவுதான். நைஜீரியா, கேமரூன் எல்லையில் கிராஸ் ரிவர் என்ற இன்னொரு வகைக் கொரில்லா முந்நூறுக்கும் கீழே.

மீண்டும் மலைக்கு

கண்ணி வைப்பவரைத் திட்டுவது சுலபம். ருவாண்டாப் பூங்காவின் இன்றைய பரப்பு சுமார் 160 சதுர கிலோமீட்டர். 1960களின் கடைசியில் அதிலிருந்து சுமார் 100 சதுர கிலோமீட்டரை வெட்டிப் பைரெத்ரம் பயிரிட்டார்கள், பூச்சிமருந்துக்கான வெள்ளைப் பூ. ஐரோப்பியச் சந்தைக்காகக் காடு போனபோது அதை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. இன்று வேலி ஓரத்தில் உருளைக்கிழங்கு நடும் குடும்பத்துக்கு நிலம் துண்டு துண்டு. காட்டெருமை வந்து மிதிக்கும், கறிக்குக் காசு இல்லை, கம்பி மலிவு.

2020 ஜூனில் பிவிண்டியில் ரஃபிக்கி என்ற வெள்ளிமுதுகை ஈட்டியால் குத்திக் கொன்றார்கள். 17 உறுப்பினர் கொண்ட ன்குரிங்கோ கூட்டத்தின் தலைவன் அது. பிடிபட்டவர் சின்ன விலங்குகளைத் தேடித்தான் போனதாகவும், கொரில்லா பாய்ந்ததால் தற்காப்புக்குக் குத்தியதாகவும் சொன்னார். அது கொரோனாவால் பயணிகள் வராத மாதம். அவருக்கு 11 ஆண்டுச் சிறை. ரஃபிக்கி மனிதருக்குப் பழகியதால்தான் ஈட்டிக்காரரை அத்தனை நெருங்க விட்டதா என்ற கேள்வியை என்னால் ஒதுக்க முடியவில்லை. 4.1 விழுக்காட்டைத் தந்த பழக்கமும் அதுவேதான்.

தடம் பார்ப்பவர்கள் கண்ணியை அறுத்ததும் கம்பியை அங்கேயே எறிந்துவிட்டு வருவதில்லை. எறிந்தால் மறுவாரம் அதே கம்பி நூறடி தள்ளி வேறு மூங்கிலில் இருக்கும். குச்சியை ஒடித்து, வளைத்த மூங்கிலை வெட்டிச் சாய்த்து, சுருக்கைச் சுருட்டித் தோளில் மாட்டிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள். மறுநாள் விடிந்ததும் முந்தைய இரவின் கூட்டிலிருந்து மறுபடி தொடங்குகிறார்கள்.